காலுக்கு ஓய்வு, வாய்க்கு வேலை

மே மாத மழை தொடங்கியிருந்தது. கொழும்பை அடுத்த பத்தரமுல்லைக்கு அப்பால் உள்ள ஒரு சிறிய லாயத்தில், செல்லி என்ற பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை கதவுக்கு மேல் தலையை நீட்டியபடி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. இடக்கால், வலக்கால், மறுபடியும் இடக்கால். கழுத்தும் தலையும் அதே தாளத்தில் ஊஞ்சல் போலப் போய்வந்தன. குதிரையேற்றம் பழக வந்திருந்த ஒரு சிறுவன், "அம்மா, டான்ஸ் ஆடுகிறது பாருங்கள்" என்று கைதட்டினான். புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த குதிரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆட்டம் இல்லை தம்பி. தவிப்பு."

அவர் நுவரெலியாவில் பிறந்த மலையகத் தமிழர். ஏப்ரல் பந்தயத்துக்கு வரும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அப்பா. என் அக்கா மகள் அந்த லாயத்தில்தான் பழகுகிறாள். செல்லியின் மேல் அவளுக்கு உயிர். ஞாயிறுதோறும் வெள்ளவத்தையிலிருந்து அவளை நான் அழைத்துப் போவேன். செல்லியின் முன்னங்காலில் தசைநாண் கிழிந்து, லாயத்தை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்று மிருக வைத்தியர் சொன்ன பிறகும் நாங்கள் போவதை நிறுத்தவில்லை. அடைபட்ட குதிரையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த மாதங்களில்தான் வாசித்தும், கேட்டும், பார்த்தும் தெரிந்துகொண்டேன்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கமாக விரலால் தடவினால் கயிறு போல ஒன்று தட்டுப்படும். லாயத்தில் அதை நரம்பு என்பார்கள். உண்மையில் அது தசைநாண். குதிரையின் முழங்காலுக்குக் கீழே காலை இயக்கும் தசை என்று எதுவும் இல்லை. தசையெல்லாம் மேலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து நீண்ட நாண்கள் மட்டும் பாதம் வரை இறங்குகின்றன. கால் ஊன்றும்போது நாண் இறப்பர் பட்டை போல நீள்கிறது, கால் எழும்போது சுருங்கி, வாங்கிய விசையைத் திருப்பித் தருகிறது. அரைத் தொன் எடையுள்ள விலங்கு அவ்வளவு இலகுவாக ஓடுவதன் இரகசியம் இதுதான். ஆனால் வாங்கியதில் 5 முதல் 10 விழுக்காடு வெப்பமாகி நாணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாய்ந்தோடும் குதிரையின் நாண் மையத்தில் 45 பாகை செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். இரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் அந்தச் சூடு விரைவில் தணிவதில்லை. புண் ஆறுவது மெதுவாக நடப்பதற்கும் அதே குறைந்த இரத்த ஓட்டம் ஒரு காரணம்.

நல்ல நாணில் கொலாஜன் இழைகள் தறியில் ஓடும் பாவு நூல்போல ஒரே திசையில் வரிசையாக இருக்கும். கிழிந்த இடத்தை உடல் முதலில் வேறு வகைக் கொலாஜனால் நிரப்புகிறது. அது மெல்லியது, கண்டபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது. அவசரத் தையல் என்று சொல்லலாம். அதைப் பிரித்துவிட்டு வலுவான இழையால் மறுபடியும் நெய்ய மாதக்கணக்கில் ஆகும். மோசமான கிழிசல் என்றால் 9 முதல் 12 மாதம், சில வேளை அதற்கும் மேல். அவசரத் தையல் மட்டும் இருக்கும் காலத்தில் குதிரை ஒரே ஒருமுறை துள்ளினாலும் எல்லாம் அறுந்துபோகலாம். அதனால்தான் கதவு மூடப்படுகிறது. காரணம் நியாயமானது.

ஆனால் அதற்கு ஓய்வு என்று பெயர் வைப்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். மனிதனுக்கு ஓய்வு என்றால் கட்டில், தலையணை, பார்க்க வரும் உறவுகள். குதிரைக்கு ஓய்வு எப்படி இருக்கும் என்று தெரிய நெடுந்தீவுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. தலை குனிந்திருக்கும், ஒரு வாய் புல், இரண்டு அடி நடை, மறுபடியும் ஒரு வாய். பக்கத்தில் எப்போதும் இன்னொரு குதிரை நிற்கும். அவற்றின் வாழ்வை நான் அழகுபடுத்திச் சொல்லவில்லை. கோடையில் தண்ணீருக்காக அவை படும் பாடு பார்க்கச் சகிக்காது. என்றாலும் குதிரையின் உடல் எதற்காக அமைந்தது என்பதை அந்தத் திடலைப் போலக் காட்டும் இடம் வேறில்லை. திறந்த வெளியில் வாழும் குதிரை 24 மணி நேரத்தில் சுமார் 16 மணி நேரம் மேய்கிறது. அந்தப் பதினாறு மணி நேரமும் அது நடந்துகொண்டும் இருக்கிறது, கூட்டத்தோடும் இருக்கிறது.

லாயக் கதவு மூடப்படும்போது மேய்ச்சல், நடை, கூட்டம் மூன்றும் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. நடையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கால் அதற்குத் தடை. மற்ற இரண்டையும் கொடுக்கலாம். என் கருத்தில், அடைபட்ட குதிரையைப் பராமரிப்பது என்பது அந்த இரண்டையும் நாள் முழுக்கத் தேடித்தேடிக் கொடுப்பதுதான்.

முதலில் வாய். குதிரையின் உடல் பெரியது, இரைப்பை சிறியது. கொள்ளளவு 8 முதல் 15 லீற்றர்தான். சிறிது சிறிதாக, நிறுத்தாமல் சாப்பிடும் உயிருக்கு அது போதும். நமக்குச் சாப்பாட்டு வேளையை ஒட்டி அமிலச் சுரப்பு கூடும், பிறகு குறையும். குதிரைக்கு அது நிற்பதே இல்லை, வயிறு காலியாக இருந்தாலும் சுரந்துகொண்டே இருக்கும். எச்சிலோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் இருப்பது அந்த எச்சிலில். நன்றாக மெல்லும் குதிரை ஒரு நாளில் 35 லீற்றருக்கு மேல் எச்சில் சுரக்கக்கூடும். வாய் நின்றால் எச்சில் நிற்கும். எச்சில் நின்ற பிறகும் அமிலம் வந்துகொண்டிருக்கும்.

இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப் படலம் இல்லை. நார் நிறைந்த புல் உள்ளே இருக்கும்போது அது ஒரு பாய்போல மிதந்து, அமிலம் மேலே தெறிக்காமல் தடுக்கிறது. நான்கைந்து மணி நேரம் வெறும் வயிறு என்றால் அந்தப் பாயும் இல்லை, எச்சிலும் இல்லை. புண் அங்கேதான் தொடங்குகிறது. காயப்பட்ட குதிரைக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் பினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள், இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருட்களின் உற்பத்தியையும் சேர்த்தே குறைக்கின்றன. காலுக்காகக் கொடுக்கும் மருந்து வயிற்றைத் தொடுகிறது. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று மாட்டுக்குப் போடுவதுபோலப் போட்டுவிட்டு இரவு முழுவதும் காலித் தொட்டியோடு விடுவது இந்தக் குதிரைக்குச் செய்யும் பெருந்தீங்கு. அதைக் கண்டபோது எனக்குக் கோபமே வந்தது. செல்லியின் முதல் இரண்டு கிழமை அப்படித்தான் கழிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை புல் தேவை. இங்கே வெட்டிக் கொண்டுவரும் பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் நிறைக் கணக்கில் அதைப்போல நான்கைந்து மடங்கு போடவேண்டியிருக்கும். பார்ப்பதற்கு ஒரு சின்ன மலை. எவ்வளவு என்பதோடு, எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்னக் குதிரைக்குச் சுமார் 40 நிமிடம் ஆகும், அதற்குள் 3,000 முறைக்கு மேல் மெல்லும். அதே ஒரு கிலோ ஓட்ஸ் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆயிரம் முறைகூட மெல்லத் தேவையில்லை. வயிறு நிறைந்தது போலத் தெரியும், வாய் பட்டினி கிடக்கும்.

குதிரைக்காரர் கண்டுபிடித்த வழிகள் எளிமையானவை. சின்னக் கண்ணுள்ள மீன்வலையில் புல்லைத் திணித்து, ஒன்றுக்கு இரண்டாக வலை போட்டு, அறையின் மூன்று மூலைகளில் கட்டினார். வலைக்குள்ளிருந்து உதட்டால் இழுத்துத் தின்ன வேண்டியிருந்ததால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோனது இரண்டரை மணி நேரம் ஓடியது. ஒரு மூலையில் கினியாப் புல், இன்னொன்றில் நேப்பியர், மற்றொன்றில் உலர்புல். இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில், ஒரே வகைத் தீனி கிடைத்த குதிரைகளைவிடப் பல வகைப் புல் கிடைத்த குதிரைகள் தின்னுவதிலும் தேடுவதிலும் கூடுதல் நேரம் செலவிட்டன. ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போவது அவற்றுக்கு மேய்ச்சலின் மிச்சம். வலை கட்டும்போது ஒரு கவனம் வேண்டும்: லாடம் அடித்த கால் அதற்குள் சிக்கக்கூடாது.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்" என்று தன் இலாபத்தை மட்டும் பார்ப்பவர்களைச் சொல்ல நம்மவர்கள் குதிரையை இழுப்பார்கள். கடிவாளம் இல்லாத இந்த மாதங்களில் கொள்ளுக்கும் வேலை இல்லை. ஓடிய குதிரைக்குக் கொடுத்த அதே கொள்ளையும் ஓட்ஸையும் நிற்கும் குதிரைக்குக் கொடுத்தால், செலவாகாத ஆற்றல் எல்லாம் துள்ளலாகவும் உதையாகவும் வெளியே வரும். முன்பு வண்டிக் குதிரைகளுக்குத் திங்கட்கிழமை நோய் என்று ஒன்று சொல்வார்கள். ஞாயிறு வேலை இல்லை, தீனி மட்டும் குறையாது. திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் தசைகள் விறைத்துக் குதிரை அப்படியே நின்றுவிடும். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் இன்னொன்றும் நடக்கும். சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய், புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களின் இடத்தை லக்டிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். அதன் விளைவு குளம்பு வரை போகும். ஆகவே கொள்ளு, ஓட்ஸ் போன்ற அடர்தீனியைக் குறைக்கவேண்டும். ஒரே நாளில் நிறுத்தாமல் ஏழு முதல் பதினான்கு நாட்களில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

கொழும்பில் குதிரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விடயத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கினியா, நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஒக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது குடலில் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலுக்குக் கிடைக்கவிடாமல் செய்யும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேட்டை உடைத்துவிடுவதால் பால்பண்ணைகளில் அது பெரிய சிக்கலாவதில்லை. குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதன் மேல், மலிவாகக் கிடைக்கிறது என்று அரிசித் தவிட்டையும் அள்ளிப் போடுகிறார்கள். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறையத் தொடங்கினால் உடல் எலும்பிலிருந்து எடுக்கும். நாளடைவில் முகத்தெலும்பு வீங்கிப் பெருந்தலை நோய் வரும், நொண்டலும் வரும். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் வந்ததை நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள், தவிடுதான் காரணம். காலை ஆற்றுவதற்காக அடைத்துவைத்த குதிரையின் எலும்பைத் தீனியாலேயே உறிஞ்சுவது எவ்வளவு கொடுமை! செல்லிக்குத் தவிட்டை நிறுத்தி, வைத்தியர் சொன்ன அளவில் சுண்ணக்கல் தூள் சேர்த்தார்கள். எடை குறையாமலிருக்கச் சிறிது தேங்காய்ப் புண்ணாக்கு; மாவுச்சத்து குறைவான தீனி அது. பூஞ்சை வாசம் துளியும் இருக்கக்கூடாது. கொழும்பு ஈரத்தில் புண்ணாக்கு மூட்டையைக் கிழமைக்கொரு முறை முகர்ந்து பார்ப்பது அவசியம்.

அன்போடு செய்யும் தவறுகளும் உண்டு. பக்கத்து வீட்டார் புல்வெளி வெட்டிய துணுக்குகளைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைக் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. மெல்லாமல் விழுங்கிவிடும், சாக்குக்குள்ளேயே புளிக்கவும் தொடங்கியிருக்கும். வேலியோரத்து இபில் இபில் இலையும் அப்படித்தான்: தொடர்ந்து தின்றால் பிடரிமயிரும் வாலும் உதிரும்.

வயிற்றைப் பற்றிச் சொல்ல இன்னும் உண்டு. நடக்கும் குதிரையின் குடல் நன்றாக அசையும், நிற்கும் குதிரையின் குடல் மந்தமாகும். பெருங்குடல் ஓரிடத்தில் கூர்மையாக வளைந்து ஒடுங்குகிறது. காய்ந்த தீனி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வளைவில்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதற்கு ஒரே வழி முன்னோக்கித்தான். அதனால் கோலிக் என்ற வயிற்றுவலி அதன் உயிரையே குடிக்கும். அடைபட்ட முதல் இரண்டு கிழமையில்தான் இதற்கு அதிகம் பயப்படவேண்டும். குதிரைக்காரர் கதவின் பின்புறம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு இலத்திக்கும் ஒரு கோடு. வழக்கமாக நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. ஆறாகக் குறைந்த ஒரு நாள் இரவு வைத்தியருக்குத் தொலைபேசினார். தண்ணீர் வாளியில் சிறிது உப்புக் கலந்து, பக்கத்தில் வெறும் தண்ணீரும் வைத்து, புல்லை நனைத்துப் போட்டார்கள். காலையில் கோடுகள் கூடின. நாளொன்றுக்கு 25 முதல் 50 லீற்றர் குடிக்கும் உயிர் அது. வாளியில் எச்சில் நுரை மிதந்தால் குடிக்க மனம் வராது. வாளி கழுவுவது சின்ன வேலை என்று யாரும் நினைக்கக்கூடாது.

இனிக் கூட்டம். அந்தத் தவிப்புக்கு மறுபடியும் வருகிறேன். நின்ற இடத்தில் ஆடுவது, அறையைச் சுற்றிச் சுற்றி நடப்பது, கதவு விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை இழுப்பது: இவற்றைக் கெட்ட பழக்கம் என்று பழைய லாயக்காரர்கள் சொல்வார்கள். ஒன்றைப் பார்த்து மற்றது பழகிவிடும் என்று அந்தக் குதிரையைத் தனியே ஒதுக்கியும் வைப்பார்கள். பார்த்துப் பழகுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. நெருக்கடி ஒன்றுதான், அதே லாயத்திலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் அது பொது. கவ்விக் காற்றிழுப்பது புல் குறைந்து அடர்தீனி கூடும்போது அதிகம் காணப்படுகிறது. நின்று ஆடுவது நடக்க முடியாமையோடும் தனிமையோடும் தொடர்புடையது. கழுத்தில் வார் இறுக்கிக் கவ்வுவதைத் தடுத்தால், வாரைக் கழற்றியதும் முன்னைவிட அதிகமாகக் கவ்வும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வெளியே தெரிவதைக் கட்டிப்போட்டால் உள்ளே இருப்பது போய்விடாது.

2002-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் தொட்டது. வழக்கமாக ஆடும் குதிரைகளின் அறையில் ஒரு கண்ணாடி மாட்டினார்கள். ஆட்டம் பெருமளவு குறைந்தது. கண்ணாடியில் தெரிவது தானே என்று அந்தக் குதிரைகளுக்குத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி. அருகில் ஒரு குதிரை முகம் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. கண்ணாடி என்றால் உடையாத அக்ரிலிக் தகடுதான் வேண்டும். உண்மையான கண்ணாடி ஒரு உதையில் கத்தியாகிவிடும். உயிருள்ள துணை அதைவிட நல்லது. செல்லியின் பக்கத்து அறையில் ஒரு வயதான மட்டக்குதிரையைக் கொண்டுவந்து கட்டினார்கள், நடுச்சுவரின் மேல்பாதியைப் பலகை எடுத்துக் கம்பியாக்கினார்கள். மற்றக் குதிரைகள் பயிற்சிக்குப் போகும்போதும் அந்த மட்டக்குதிரை மட்டும் போகக்கூடாது என்று ஒழுங்கு. எல்லோரும் போய் ஒன்று மட்டும் நிற்பதுதான் குதிரைக்குப் பெரும் பயம். தனியாக நிற்கும் குதிரை புலிக்கு இரை என்ற அறிவு அதன் இரத்தத்தில் ஊறியது.

குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்: பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குச் சற்று முன்னால். பிரான்சின் கமார்க் குதிரைகளில் அந்த இடத்தைச் சொறிந்து பார்த்தபோது இதயத் துடிப்பு குறைந்தது. வேறோர் இடத்தைச் சொறிந்தபோது குறையவில்லை. 1993-இல் வெளியான ஆய்வு அது. என் அக்கா மகளுக்கு அதைச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிடம் விரல்நுனியால் அங்கே அழுத்திச் சொறிவாள். செல்லியின் மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும். கழுத்தில் தட்டிக்கொடுப்பதையே நாம் அன்பு என்று நினைக்கிறோம். குதிரைகள் ஒன்றையொன்று தட்டுவதில்லை.

கால்களின் கதை இன்னும் முடியவில்லை. குளம்பு தரையில் படும்போது விரிந்து, எழும்போது சுருங்குகிறது. இரத்தமும் நிணநீரும் மேலே ஏற அந்த அசைவு உதவுகிறது. நின்றபடியே இருந்தால் நான்கு கால்களும் மாலையில் வீங்கும், கட்டுத்துணி சுற்றவேண்டியிருக்கும். அதைவிடப் பயப்படவேண்டியது காயப்படாத காலைத்தான். வலிக்கும் காலைத் தூக்கி, எதிர்க்காலில் எடை முழுவதையும் வைத்து நாட்கணக்கில் நின்றால், அந்த நல்ல குளம்பின் உள்ளே எலும்பையும் குளம்புச் சுவரையும் இணைக்கும் படலங்களுக்கு இரத்தம் போதாமல் போகும். அமெரிக்காவின் பார்பரோ என்ற பந்தயக் குதிரைக்கு 2006 மே மாதம் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. அந்தக் காலை அறுவைச் சிகிச்சையால் பெருமளவு சரிசெய்தார்கள். மற்றக் குளம்புகளின் அந்தப் படலங்களில் வந்த லமினைட்டிஸ் என்ற அழற்சியைத்தான் வெல்ல முடியவில்லை. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். ஆகவே தினமும் நல்ல காலின் குளம்பையும் தொட்டுச் சூடு பார்க்கவேண்டும். அறைக்குள் மூன்று மூலையில் வலை கட்டியதற்கு இதுவும் காரணம். மூலைக்கு மூலை இரண்டடி மாறும்போது எடை காலுக்குக் கால் மாறுகிறது.

தூக்கத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதிதான் உண்மை. முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்று இலேசாக உறங்கும். கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்தில் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடுவதால் அதற்குப் படுத்தே ஆகவேண்டும். நாளுக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அது இல்லாமல் முடியாது. வலியாலோ பயத்தாலோ ஈரத் தரையாலோ படுக்காத குதிரை, சில நாட்களில் நின்றபடியே மயங்கி முன்னங்கால் மடிந்து விழும். ஆறுகிற நாணுக்கு அதைவிடக் கேடு இல்லை. செல்லியின் அறையில் சீமெந்துத் தரைமேல் இறப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் தென்னந்தும்புத் தூளை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினார்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், தூசி குறைவு, வைக்கோலைப் போலத் தின்று வயிறு அடைக்கவும் வழியில்லை. காலையில் வயிற்றின் பக்கவாட்டில் தும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று என் அக்கா மகள் முதலில் பார்ப்பாள். ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது.

கொழும்பின் காற்றும் ஒரு நோய்தான். குதிரைக்கு இதமான வெப்பநிலை 5 முதல் 25 பாகை வரை என்பார்கள். இங்கே பல நாட்கள் நள்ளிரவிலும் அதைவிடச் சூடு. வியர்வையால் குளிரும் விலங்கு அது, காற்றோ வியர்வையை உலரவிடாத ஈரம். குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்வையே நின்றுவிடுகிறது. மூச்சு மட்டும் வாங்கும், உடல் காய்ந்திருக்கும். அதனால் எதிரெதிராக இரண்டு திறப்பு, கூரையோரம் சூடு வெளியேற இடைவெளி, எட்டாத உயரத்தில் மின்விசிறி. மழைச்சாரலுக்குப் பயந்து தார்ப்பாயால் நாற்புறமும் மூடினால் மூத்திரத்தின் அமோனியா உள்ளேயே நிற்கும். மனிதர் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது, குனிந்து முழங்கால் உயரத்தில் முகர்ந்து பார்க்கவேண்டும். குதிரை படுக்கும்போது மூச்சிழுப்பது அங்கேதான். இரவில் ஒரு வலையை அவிழ்த்து, புல்லைத் தரையிலேயே போடுவார் குதிரைக்காரர். தலை குனிந்து தின்னும்போது மூச்சுக்குழாயில் சேர்ந்த சளியும் தூசியும் தானாகக் கீழே வடியும்.

ஆகஸ்ட் மாதம் வைத்தியர் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். திரையில் கருமையாக இருந்த ஓட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. இழைகள் முழுவதும் வரிசைக்கு வரவில்லை. வரிசைக்கு வரவேண்டுமானால் இனி அளவான சுமை வேண்டும்; இழுக்கும் திசை தெரிந்தால்தான் நெசவு அந்தத் திசையில் போகும். நாளுக்கு ஐந்து நிமிடம், கையில் பிடித்து, நேர்க்கோட்டில், கெட்டித் தரையில். கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். நான்கு மாதம் அடைபட்ட குதிரை வாசலைத் தாண்டியதும் வானத்துக்குத் துள்ளும் என்பதால் முதல் சில நாட்களுக்கு இலேசான அமைதி மருந்தும் கொடுத்தார். குதிரைக்காரர் அதற்கு முந்திய ஒரு மாதமாகவே வேறொன்று செய்துவந்திருந்தார்: அறைக்குள்ளேயே தலைக்கயிறு மாட்டி, ஓரடி முன்னே, ஓரடி பின்னே, நில், சொன்னபடி செய்தால் ஒரு துண்டுக் கரட். வாய்க்கு வேலை, தலைக்கும் வேலை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் கதவு திறந்தது. மட்டக்குதிரை முன்னே போனது, அதன் வாலைப் பார்த்தபடி செல்லி வெளியே வந்தது. துள்ளவில்லை. சீமெந்துப் பாதையில் குளம்பொலி எனக்கு மறந்தே போயிருந்தது. பாதை முடியும் இடத்தில், மதிலோரம், யாரும் வெட்டாத ஒரு கொத்துப் புல் ஈரத்தோடு நின்றது. செல்லி நின்றது, தலையைத் தாழ்த்தியது. என் அக்கா மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது மாமா" என்றாள். குதிரைக்காரர் கயிற்றைத் தளர்த்திவிட்டார்.